நாற்பத்தொன்பதாவது ஓவரின் ஆறாவது பந்து

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுவதற்குள் அம்பயருக்கு மூன்று போன் வந்துவிட்டது. மூன்றிலும் ஒரே கேள்வி. மூன்றுக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். நான்காவதற்குத் தொண்டையைக் கனைத்துத் தயாராக நின்றார்.

"சட்டத்துல இருக்கு, கொடுத்தேன். பிடிக்கலைன்னா சட்டம் எழுதினவங்களைப் போய்க் கேளுங்க."

நான்காவதாகக் கூப்பிட்டது அவருடைய மச்சினர், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். அந்த மனிதர் கிரிக்கெட் பார்ப்பதே தங்கை புருஷனைக் கிண்டல் செய்ய ஏதாவது கிடைக்குமா என்றுதான்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு ஒரு பொண்ணைப் பந்தே போடாம வீட்டுக்கு அனுப்பிட்டீங்களாமே! லைசன்ஸ் டெஸ்ட்டுலதான் வண்டியைக் கிளப்பறதுக்கு முன்னாடியே ஃபெயில் போடுவீங்கன்னு நெனச்சேன்."

"மச்சான், சட்டத்துல இருக்கு..."

"இருக்கட்டும், இருக்கட்டும். சட்டத்துல என்னென்னமோ இருக்கு. வீட்ல எங்க தங்கச்சி இருக்கா, பத்திரம்."

சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தங்கச்சிக்குச் சிரிப்பில் புரையேறியது.

அம்பயர் மற்ற நாட்களில் வாகன அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஒருமுறையாவது ஃபெயில் ஆனவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு முறை. அம்பயரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். மேட்ச் நாட்களில் மைதானத்தின் மாடி அறையில் ஸ்கோர் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மாத்திரை எண்ணுகிற கைதான் ரன்னையும் எண்ணுகிறது என்பதால் கிரிக்கெட் ஆட்கள் அவளுக்கு மாத்திரையம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். புருஷன் அம்பயராகவும் பெண்டாட்டி ஸ்கோரராகவும் ஒரே மேட்ச்சில் வேலை செய்யக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அப்படி ஒரு விதி இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இவர்கள் நாட்டில் பெண்கள் கிரிக்கெட்டுக்கு வருகிற கூட்டமே கைவிரலில் அடங்கும். அம்பயருக்கும் ஸ்கோரருக்கும் ஆள் எங்கே போவது!

அந்தச் சின்ன நாட்டின் சின்ன மைதானத்தில் அன்று நடந்தது உலகம் முழுக்கப் போய்விட்டது. நடந்தது இதுதான். வெளிநாட்டு அணிக்கு ஜெயிக்க வேண்டியது நூற்று எண்பத்தெட்டு. நாற்பத்தொன்பதாவது ஓவரைப் போட வந்தவள் உள்ளூர்ச் சுழல் பந்துக்காரி. ஆள் ஒரு சாண் உயரம், எந்நேரமும் காதோரம் ரீங்காரம் மாதிரி பேச்சு. அதனால் எல்லோருக்கும் அவள் கொசு. எதிர்முனையில், அவள் பக்கத்தில் நின்றவள் அந்த அணியின் நெட்டைப் பெண். அவளுக்கு அவர்கள் வைத்திருந்த பேர் ஏணி. நாற்பத்தாறு ரன் அடித்து மேட்ச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். கொசு பந்தைப் போட ஓடி வந்தாள். ஏணிக்கு அவசரம். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி இரண்டடி நடக்கத் தொடங்கிவிட்டாள். கொசு நின்றாள், திரும்பினாள், ஸ்டம்பின் மேலிருந்த கட்டையைத் தட்டிவிட்டாள்.

அதுவும் ரன் அவுட்தான். சட்டத்தில் சந்தேகமே கிடையாது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, "இது ஆட்டமா? இதற்குப் பேர் ஆட்டமா?" என்று கத்துகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கத்தினார்கள். அம்பயர் உள்ளூர்க் கேப்டனிடம் போய், "அப்பீலைத் திரும்ப எடுத்துக்கறீங்களா?" என்று முறைப்படி கேட்டார். அந்தப் பெண் இல்லை என்றாள். விரலைத் தூக்கினார். ஏழு நிமிடம் ஆட்டம் நின்றது. ஏணி மட்டையை இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் வெளிநாட்டு அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது.

ஒரே ஒரு ரன். அதுதான் வினை.

இரண்டு நாளில் கோபம் ஆறிவிடும் என்று அம்பயருக்குத் தெரியும். அவர் மனசு வேறு இடத்தில் இருந்தது. வருகிற மாதங்களில் நடக்கப் போகும் பெரிய சர்வதேசத் தொடருக்கு அம்பயர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷமாக அவர் காத்திருந்த பட்டியல். இந்த முறை பேர் ஏறக்குறைய உறுதி என்று மேட்ச் ரெஃப்ரியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இந்த மேட்ச்சின் அறிக்கை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அது சுத்தமாக இருந்தால் போதும், நாற்பது நாள் வெளிநாட்டுப் பயணம். அம்பயர் இப்போதே மூன்று நாட்டு வானிலையைப் பார்த்துவைத்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரையம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஸ்கோர் புத்தகத்தை விரித்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பது அவள் வழக்கம். மட்டை பிடித்தவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பந்து ஆடினார்கள் என்று ஒரு பக்கம் கூட்டுவாள். பந்து போட்டவர்கள் எத்தனை போட்டார்கள் என்று இன்னொரு பக்கம். வைடு, நோ-பால் எல்லாம் கழித்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வந்திருக்கிறது.

பந்து போட்ட பக்கம் முந்நூறு. மட்டை பிடித்த பக்கம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டினாள். மூன்றாவது முறை கீழிருந்து மேலே கூட்டினாள். நம்பர் அசைந்து கொடுக்கவில்லை. ஓவர் ஓவராகத் தேடிக்கொண்டு வந்தவளுடைய விரல் நாற்பத்தொன்பதாவது ஓவரில் வந்து நின்றது. கொசுவின் கட்டத்தில் ஆறு குறிகள் இருந்தன. அதில் நான்காவது, விக்கெட்டுக்குப் போடுகிற குறி.

விரலை அந்தக் குறியின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

கொசு அந்த நேரம் பந்தே போடவில்லை. போடாத பந்துக்கு ஓவரில் கணக்குக் கிடையாது. அந்த ரன் அவுட் பந்து வீசியவளுக்கும் சேராது. அந்தக் கட்டத்தில் குறியே இருக்கக்கூடாது. விக்கெட் விழுந்ததும் கை தானாகப் போய்ப் போட்டிருக்கிறது, பழக்க தோஷம். அது மட்டுமென்றால் பரவாயில்லை. அந்த ஏழு நிமிடக் கூச்சலுக்குப் பிறகு, எத்தனை பந்து மிச்சம் என்று குழம்பிப்போன அம்பயர் மாடி அறையை அண்ணாந்து பார்த்துக் கையால் கேட்டார். அவள் கட்டத்தைப் பார்த்தாள், நான்கு குறி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு அணியின் ஸ்கோரர், வழுக்கைத் தலை லேப்டாப்காரர், தன் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். காட்டியிருக்க வேண்டியது மூன்று.

ஐந்து பந்திலேயே ஓவர் முடிந்துவிட்டது. ஒரு ரன்னில் தோற்றவர்களுக்கு ஒரு பந்து போய்விட்டது. உலகமே அந்த ஓவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது, எல்லோரும் ஏணியின் காலையே பார்க்கிறார்கள். பந்தை எண்ண ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வரவேற்பறையில் அம்பயர் ஏழாவது போனில் இருந்தார். குரலில் நல்ல உற்சாகம். "சட்டம்னு ஒண்ணு எதுக்கு சார் இருக்கு?" என்று யாரையோ பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

மாத்திரையம்மா பேனாவைக் கையில் எடுத்தாள். அந்த ஓவரில் மட்டை பிடித்திருந்த வெளிநாட்டுக் கேப்டன் பேருக்கு எதிரில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் போதும். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது முந்நூறு ஆகிவிடும். அந்தப் பெண்ணே தான் எத்தனை பந்து ஆடினோம் என்று எண்ணியிருக்க மாட்டாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. உள்ளே ஒரு மனுஷன் பத்தொன்பது வருஷம் வெயிலில் நின்றதற்கு இப்போதுதான் பலன் வரப் போகிறது. பேனா முனை காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவளுக்கே தெரியாது. மூடியைப் போட்டு மூடினாள்.

"ஏங்க, போனை வெச்சுட்டு இங்க வாங்க."

வந்தார். உட்கார வைத்துச் சொன்னாள். கட்டத்தைக் காட்டினாள், கூட்டலைக் காட்டினாள், தான் காட்டிய இரண்டு விரலையும் காட்டினாள். அம்பயருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது அப்படியே உதட்டில் காய்ந்துபோனது.

"நல்லாப் பாத்தியா?"

"நாலு தரம் பாத்துட்டேன்."

அவர் எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். "சரி. ஒண்ணும் குடி முழுகிடலை. அம்பயர் எண்ணினதுதான் ஓவர். எண்ணினது தப்பா இருந்தாலும் அது நிக்கும். சட்டத்துல இருக்கு. ரிசல்ட் மாறாது."

"மாறாதுன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்? அந்தப் பந்து யாருக்கு வந்திருக்கும்? பதினோராவதா வந்ததே, அந்தப் பொண்ணுக்கு. அது மட்டையைத் தலைகீழாப் பிடிக்காம இருந்தாலே பெரிய விஷயம். ஒரு பந்துல அது கோட்டையைப் பிடிச்சிருக்குமா?"

"பிடிச்சிருக்காதுன்னு சொல்ல நம்ம யாரு?"

"இதை எழுதிக் கொடுத்தா என் பேரு போச்சு. ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத அம்பயரை எவன் கூப்பிடுவான்?"

"எண்ணத் தெரியாம போனது நான். எழுதறப்ப அதை எழுதுங்க."

"ஸ்கோரரைக் கேட்டு ஓவரை எண்ணுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எண்ண வேண்டியது நான்தான்."

அவர் அதைச் சொன்னதே அவளுக்கு வலித்தது. கோபமும் வந்தது. அவள் கோபப்பட்டால் குரல் ஏறாது, இறங்கும்.

"மத்தியானத்துலேருந்து பாக்கறேன். ஊர்ல இருக்கறவங்க பூரா அந்தக் கொசுப் பொண்ணைத் திட்டறாங்க. சட்டத்துல இடம் இருந்தாலும் நீ அதைச் செஞ்சிருக்கக் கூடாதுங்கறாங்க. நீங்களும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சட்டம் சட்டம்னு அவளுக்காகச் சண்டை போடறீங்க. சரி. அவ சட்டப்படி ஒண்ணு செஞ்சா. எல்லார் முன்னாடியும் செஞ்சா. நம்ம இப்ப சட்டத்தைப் போத்திக்கிட்டு ஒளியப் பாக்கறோம். அவளுக்கும் நமக்கும் அதுதான் வித்தியாசம்."

 மறுபடி போன் அடித்தது. அம்பயர் அதை எடுத்துப் பேசாமலே அணைத்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எட்டரைக்கே போய்ப் படுத்துக்கொண்டார். மாத்திரையம்மா பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள்.

காலையில் அவள் எழுந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. குளியலறையில் இல்லை, வாசலில் இல்லை. கொடியில் காயப்போட்டிருந்த அம்பயரின் வெள்ளைச் சட்டையும் இல்லை, வண்டியும் இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நிமிடம் கண்டதையும் நினைத்துப் பயந்தாள். அப்புறம்தான் மணி ஏழு என்பதும், வெளிநாட்டு அணியின் பஸ் ஒன்பதுக்குக் கிளம்பும் என்பதும் ஞாபகம் வந்தது. தலையை அள்ளி முடிந்துகொண்டு, ஸ்கோர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மைதானத்துக்கு எதிரிலேயே ஹோட்டல். நடைபாதையில் கிட் பைகள் அடுக்கியிருந்தன. சாப்பாட்டு அறையில் அந்தப் பெண்கள் கசங்கின முகத்தோடு ஆளுக்கொரு தட்டுடன் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி வாட்டும் மெஷின் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்பயர் நின்றிருந்தார். தேர்வு வைக்கிற ஆள் தேர்வு எழுத வந்தவர் போல நின்றார்.

"...அஞ்சு பந்துலயே ஓவர் சொல்லிட்டேன். உங்களுக்கு இன்னும் ஒரு பந்து வந்திருக்கணும். ரிசல்ட் இனிமே மாறாது. ஆனா உங்களுக்குத் தெரியணும். எண்ணினது நான், என் தப்பு."

"அவர் தப்பு இல்லை!" மாத்திரையம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு விரல் காட்டினது நான். மேலேருந்து நான் காட்டினதைப் பாத்துதான் அவர் எண்ணினார்."

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லேப்டாப்காரர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "நானும்தான் தலையாட்டினேன். மெஷின்லயும் நாலுன்னுதான் இருந்துச்சு. மெஷின்ல போட்டதும் நான்தான்." சொல்லிவிட்டு வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

 வெளிநாட்டுக் கேப்டன் ஒரு பெரிய பெண், மூத்தவள், இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரன்ல தோத்தோம் சார்."

"தெரியும்மா."

"நேத்து பஸ்லேருந்து ரூம் வரைக்கும் அழுதோம். இப்ப பாத்தா தப்பான விஷயத்துக்கு அழுதிருக்கோம்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அம்பயரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரையம்மா போய் அவர் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கலாமா என்று தோன்றியது, இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று புத்தகத்தையே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கடைசி மேசையிலிருந்து ஒரு குரல். வாய் நிறைய ரொட்டி. "அந்தப் பந்து யாருக்கு வந்திருக்கணும்? எனக்குத்தானே?"

பதினோராவதாக ஆட வந்த பெண். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குத்தான்," என்றார் அம்பயர்.

"அப்ப போடச் சொல்லுங்க. பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு." ரொட்டியை விழுங்கினாள். "இது வரைக்கும் வேணும்னு கேட்டு எனக்கு யாரும் ஒரு பந்துகூடப் போட்டதில்லை."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது மேசை மேசையாகத் தாவியது. கோச் வேண்டாம் என்று கையை ஆட்டினார், யாரும் அவரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேப்டன் எழுந்துவிட்டாள்.

கொசுவுக்குப் போன் போட்டது மாத்திரையம்மா. முதல் மூன்று தடவை எடுக்கவில்லை. எடுத்ததும், "யாரு? திட்டறதுன்னா சீக்கிரம் திட்டிட்டு வைங்க," என்றது குரல். விஷயத்தைச் சொன்னதும், "வர்றேன்," என்று வைத்துவிட்டாள். கால் மணியில் அப்பாவின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. ஏணி அங்கே நிற்பதைப் பார்த்ததும் வாய் ஓயாத அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஏணியும் வேறு பக்கம் பார்த்தாள்.

மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அம்பயர் ஸ்டம்புகளை நட்டார், கட்டைகளை வைத்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஏணி மட்டையை எடுத்துக்கொண்டு எதிர்முனைக்கு நடந்து வந்தாள்.

"நீ எங்க வர்றே?" என்றார் அம்பயர்.

"எதிர்முனைக்கு ஒரு ஆள் வேணுமே சார்."

"நீ அவுட். நேத்தே அவுட் கொடுத்தாச்சு. கேப்டன் வரட்டும்."

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் அவரை முறைத்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். "சரி சார். ஸ்கொயர் லெக்ல நின்னு பாக்கலாமா? அதுக்காவது சட்டத்துல இடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். கேப்டன் எதிர்முனைக்கு வந்து, காலைக் கோட்டுக்கு உள்ளே ஆணி அடித்த மாதிரி ஊன்றிக்கொண்டாள்.

கொசு ஓடி வந்து போட்டாள். பதினோராவது பெண் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள், சத்தியமாக மூடியிருந்தாள், மாத்திரையம்மா பார்த்தாள். எப்படியோ பட்டது. பந்து மேலே, மேலே போய் இடது பக்கத்தில், ஃபீல்டர் எவரும் இல்லாத புல்லில் விழுந்து உருண்டது.

"ஓடு!" என்று கத்தினாள் கேப்டன். ஓடினார்கள். ஃபீல்டர் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பந்தை எடுக்கக் கொசுவே ஓட வேண்டியதாயிற்று. சின்னக் கால்கள், பெரிய மைதானம். ஒரு ரன், இரண்டு, மூன்று. ஸ்கொயர் லெக்கில் நின்றிருந்த ஏணிக்குத் தான் எந்தக் கட்சி என்பதே மறந்துபோனது.

"ஓடு கொசு! ஓடு! எடுத்து அடி!"

கொசு ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். தன் பேர் எப்படி அவளுக்குத் தெரியும் என்றுதான் பார்த்திருப்பாள். கால் தடுக்கிப் பந்துக்குப் பக்கத்திலேயே குப்புற விழுந்தாள். எழுந்திருக்கவில்லை, அங்கேயே கிடந்து சிரித்தாள். ஏணி நீளக் காலைப் போட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினாள். இரண்டு பேரும் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது கொசுவின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. ஆக, சமாதானம்தான்.

அப்புறம் ஒரு பெரிய வாக்குவாதம். மிட்-ஆனில் ஆள் இருந்திருந்தால் பிடித்திருப்பாள் என்றாள் கொசு. தலைக்கு மேலே போயிருக்கும் என்றாள் பதினோராவது பெண். லேப்டாப்காரர் பவுண்டரி என்றார், கோச் ஆல் அவுட் ஆகியிருப்போம் என்று சலித்துக்கொண்டார். எல்லோரும் அம்பயரைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றார் அவர். இத்தனை வருஷத்தில் மைதானத்தில் நின்று அவர் அந்த வார்த்தையைச் சொல்லி மாத்திரையம்மா கேட்டதில்லை.

பத்து மணிக்கு அறிக்கை போனது. அதை எழுதும்போதும் சண்டை. அம்பயர் தன் தவறு என்று இரண்டே வரி எழுதியிருந்தார். விரல் சமாச்சாரமே அதில் இல்லை. அவள் பிடுங்கிக் கீழே நான்கு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். ரெஃப்ரி மத்தியானம் கூப்பிட்டார். "அந்த லேப்டாப் ஆளும் தன் தப்புன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கார். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு கட்டம். உங்கள்ல யாரைத்தான்யா நான் அதுல போடறது?" என்று நொந்துகொண்டார். கடைசியில் விதிப்படி அம்பயர் பேரைத்தான் போட்டார்.

பட்டியல் மூன்று வாரம் கழித்து வந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். மாத்திரையம்மா ஜன்னலுக்குப் பின்னால் சீட்டை வாங்கி, மாத்திரையை எண்ணி, உறையில் போட்டு, காலை ஒன்று மாலை ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த சீட்டுக்கு அவள் கையை நீட்டியபோது சீட்டுக்குப் பதில் ஒரு செல்போன் உள்ளே வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அம்பயர். அவருக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றிருந்திருப்பார்கள். பெண்டாட்டி ஜன்னல் என்று முந்திக்கொண்டு வருகிற ஆள் இல்லை அவர்.

திரையில் பன்னிரண்டு பேர்கள். அவள் இரண்டு முறை எண்ணினாள்.

"இல்லை," என்றார் அவர். "கீழ ரிசர்வ்லயும் இல்லை. பாத்துட்டேன்."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைப் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார்.  எத்தனை வெயில், எத்தனை ஞாயிற்றுக்கிழமை! கம்பிக்கு நடுவில் கையை விட்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். யார் பார்த்தால் என்ன!

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "என்னைத் திட்டக் கூடாது."

"சொல்லு."

"நீங்க நாப்பது நாள் போயிடுவீங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள பிடிக்கவே இல்லை. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்னிக்கு மேசையில உக்காந்து அந்தப் பந்தைப் பத்திச் சொன்னப்ப, அதுவும் கூடவே இருந்துச்சு. நான் என்னமோ பெரிய நியாயஸ்தின்னு நீங்க நெனச்சுக்கிட்டிருக்கீங்க. முழுசா அப்படி இல்லை."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமோ என்ற பயம் மூன்று வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அம்பயர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பீலைக் கேட்டுவிட்டு யோசிப்பாரே, அதே மாதிரி.

"நான் மட்டும் என்ன," என்றார் மெதுவாக. "அன்னிக்குக் காலைல நான் ஒண்ணும் மனசு திருந்திக் கிளம்பலை. நீ எப்படியும் போய்ச் சொல்லிடுவேன்னு தெரியும். நீ போய் அந்தப் பொண்ணுங்க முன்னாடி ஒத்தையா நின்னு, 'என் தப்பு'ன்னு சொல்றதை நெனச்சுப் பாத்தேன். என்னால முடியலை. அதான் முந்திக்கிட்டேன். நேர்மை கீர்மையெல்லாம் அதுல கொஞ்சம்தான்."

மாத்திரையம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சார், மருந்து வாங்கிட்டீங்கன்னா கொஞ்சம் நகருங்க," என்றார் பின்னால் நின்றவர்.

"வாங்கிட்டேன், வாங்கிட்டேன்," என்றார் அம்பயர். நகர்ந்தார். அவளுடைய வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஜன்னலுக்கு எதிரில் இருந்த பெஞ்சில், ஒரு கைக்குழந்தைக்காரிக்கும் கால்கட்டுப் போட்ட கிழவருக்கும் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.